பதில்: போர்வையில் டி-சர்ட் சதுரங்கள் நெளிவது குறித்து

வணக்கம். பிள்ளைகள் இருவரும் சிறுவயதில் அணிந்த டி-சர்ட்களைச் சதுரங்களாக வெட்டி ஆளுக்கொரு குவில்ட் போர்வை தைக்கத் தொடங்கியதாகவும், பருத்தித் துணியோடு இணைக்கும்போது அவை இழுபட்டு நெளிவதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் தையலில் இல்லை. டி-சர்ட் பின்னல் துணி என்பதால் நீளும், அதோடு இணைக்கும் நெய்த பருத்தித் துணி அவ்வாறு நீளாது.

ஆகவே, மீதமுள்ளவற்றை வெட்டுவதற்கு முன்பே, இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய உள்துணியைப் பின்புறத்தில் ஒட்டி, சூடு ஆறிய பிறகு வெட்டுங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும், அச்சிட்ட படத்தின் மேல் நேரடியாகச் சூடு படவே கூடாது. தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் வழக்கமான கால் அங்குலத்துக்குப் பதிலாக அரை அங்குலம் விடுவது நல்லது; அப்படியானால் 12 அங்குலச் சதுரம் கிடைக்க 13 அங்குலம் வெட்ட வேண்டும். ஊசி, பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசியாக இருக்கட்டும்.

போர்வையில் பிள்ளைகளின் பெயர்களைப் போடுவதானால், சதுரங்களை இணைக்கும் முன்பே பூத்தையலாகப் போட்டுவிடுங்கள். முடிச்சுகள் உள்ளே மறைந்துவிடும்.

ஏற்கெனவே நெளிந்தவற்றை எறிந்துவிடாதீர்கள். தையலைப் பிரித்து, சமதளத்தில் பரப்பி, நீராவி காட்டினால் பெரும்பாலும் வடிவுக்குத் திரும்பிவிடும். துணியில் பழைய கறை இருந்தாலும் அப்படியே விடுங்கள். என் மகன் தன் போர்வையில் முதலில் தேடுவது ஒரு பழைய மைக்கறையைத்தான்.