நாசில் துளைக்குள் கம்பி விடாதீர்கள்: டீசல் இன்ஜெக்டர் கேள்வி பதில்

டீசல் இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் நாசில் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். பம்பு டைமிங், டர்போ இரண்டும் இன்று வேண்டாம். எஞ்சின் எது, நாசில் மேல் பொறித்த எண் எது என்று சேர்த்து எழுதினால் பதிலைத் துல்லியமாகச் சொல்லலாம்.

கேள்வி (டிராக்டர் வைத்திருப்பவர்): பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் சார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை, ஏர் கட்டி உழும்போது கறுப்புப் புகை. மூணு நாசிலையும் மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தாம சரி பண்ண முடியுமா?

பதில்: டெஸ்டரில் (கைப்பிடியால் நாசிலுக்கு டீசல் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கருவி) போட்டுப் பார்க்காமல் மாற்ற வேண்டாம். நான்கு சோதனைகளை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் திறக்கும் அழுத்தம். கைப்பிடியை மெதுவாக அமுக்கும்போது எந்த அளவில் நாசில் திறக்கிறது என்று கேஜில் பாருங்கள். இந்த வகைத் துளை நாசிலுக்கு அது பெரும்பாலும் 180 முதல் 250 பார் வரை இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண் மேனுவலில் உண்டு. மூன்று நாசிலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் திறப்பது முக்கியம். வருடக்கணக்கில் ஓடிய ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் இறங்கியிருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஏற்றலாம். சிறிய இன்ஜெக்டர்களில் 0.05 மி.மீ. ஷிம் சுமார் 5 பார் ஏற்றும். ஸ்பிரிங்கைப் பொறுத்து இது மாறும் என்பதால் ஒவ்வொரு ஷிம்முக்கும் திரும்ப டெஸ்டரில் பாருங்கள்.

இரண்டாவது சீட்டிங், அதாவது நாசிலுக்குள் இருக்கும் நீடில் என்ற ஊசி தன் இருக்கையான சீட்டில் சரியாக உட்கார்ந்து டீசலை அடைக்கிறதா என்பது. திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் குறைவாக ஏற்றி 10 விநாடி நிறுத்துங்கள். நுனியில் சொட்டு திரளக் கூடாது. உங்கள் காலைப் புகைக்கு இங்கே காரணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சொட்டும் டீசல் பொடியாகப் பிரியாமல் குளிர்ந்த சிலிண்டருக்குள் விழுந்து, எரியாமலே ஆவியாகி வெளியே வரும்.

மூன்றாவது ஸ்பிரே. நாலு துளை என்றால் நாலு கோடும் ஒரே நீளம், ஒரே அடர்த்தி. ஒரு கோடு தடித்த தாரையாக வந்தால் அந்தத் துளையில் கோளாறு. நான்காவது பின்கசிவு. நீடிலுக்கும் உடலுக்கும் நடுவே தேய்ந்திருந்தால் கேஜ் முள் வேகமாக இறங்கும்.

முதல் மூன்றில் மட்டும் குறை இருந்தால் பிரித்துக் கழுவிப் பாருங்கள். வெளிக்கரியைப் பித்தளை பிரஷால் எடுக்கலாம். நீடிலை நல்ல டீசலில் நனைத்து, உடலைச் சாய்வாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். எங்காவது நின்றால் மறுபடி கழுவுங்கள். அப்போதும் நின்றாலோ நான்காவது சோதனையில் தவறினாலோ, அந்த ஜோடியை மாற்றத்தான் வேண்டும். ஜோடி என்றே சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவே இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். ஒன்றின் நீடிலை இன்னொன்றின் உடலில் போடவே கூடாது. கழுவும்போது மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உரசித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். நீடில் கூம்பின் கோணமும் சீட் கோணமும் ஏறக்குறைய ஒரு டிகிரி வித்தியாசத்தில் செய்யப்பட்டவை. அதனால்தான் இரண்டும் மெல்லிய ஒரு கோட்டில் தொட்டு அடைக்கின்றன. பேஸ்ட் போட்டால் அந்தக் கோடு பட்டையாகிவிடும். இரண்டு மாதம் சொட்டாமல் ஓடி, பிறகு முன்னைவிட மோசமாகச் சொட்டும்.

டெஸ்டர் ஸ்பிரேக்கு முன்னால் கையைக் கொண்டுபோகவே வேண்டாம். 200 பாரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் குறைவு. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி நேர்ந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், “அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது” என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: அடைத்த துளையை மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் பண்ணலாமா?

பதில்: காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் முறை) நாசிலில் கூடவே கூடாது. 0.13 மி.மீ. துளை 10 மைக்ரான் அகலமானால் பரப்பு 16 சதவீதம் கூடிவிடும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் அவ்வளவு டீசல் கூடுதலாகப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஊறவைத்து அல்ட்ராசோனிக்கில் (ஒலியதிர்வால் கழுவும் தொட்டி) கழுவுங்கள்.

கேள்வி (இயந்திரவியல் மாணவர்): ஐயா, துளையின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? பாடத்தில் சூத்திரம் மட்டும் இருக்கிறது.

பதில்: சூத்திரத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள் தம்பி. அழுத்தம் 1500 பார், டீசல் அடர்த்தி கன மீட்டருக்கு 830 கிலோ. இரண்டு மடங்கு அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் விநாடிக்கு 600 மீட்டர். 0.13 மி.மீ. துளை ஏழு என்றால் மொத்தப் பரப்பு 0.093 சதுர மி.மீ. வெளியேற்றக் குணகம் (கணக்குப்படி போக வேண்டியதில் உண்மையில் போகும் பங்கு) 0.8 என்று வைத்தால் ஒரு மில்லி விநாடியில் சுமார் 45 கன மி.மீ. டீசல் இறங்கும். சிலிண்டருக்குள் இருக்கும் எதிர் அழுத்தத்தைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

தேவையான டீசல் அளவும் அதைச் செலுத்தக் கிடைக்கும் நேரமும் சேர்ந்து மொத்தப் பரப்பை முடிவு செய்கின்றன. அந்தப் பரப்பை நாலு பெரிய துளையாகப் பிரிப்பதா, எட்டுச் சிறிய துளையாகப் பிரிப்பதா என்பதில்தான் வடிவமைப்பு இருக்கிறது. தாரை எவ்வளவு தூரம் திரவமாகவே போகிறது என்பது துளை விட்டத்தோடு ஏறக்குறைய நேர் விகிதத்தில் மாறும். அழுத்தத்தைக் கூட்டினால் அந்தத் தூரம் அநேகமாக மாறாது. மாணவர்கள் பலர் தவறவிடும் இடம் இது. திரவம் பிஸ்டன் கிண்ணத்தின் சுவரைத் தொடாமலிருக்க விட்டத்தைத்தான் குறைக்க வேண்டும்.

அதற்காகத் துளையைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. பக்கத்துப் பக்கத்துத் தாரைகள் ஒன்றின் எரிந்த வாயுவை மற்றொன்று இழுத்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் காற்றுச் சுழல் அதிகமாக இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். அதனால் சுழல் மிகுந்த பழைய எஞ்சின்களுக்கு 0.25 மி.மீ.க்கு மேற்பட்ட நாலைந்து துளை பொருந்தியது. சுழல் குறைந்து அழுத்தம் கூடிய எஞ்சின்களுக்கு ஏழு, எட்டுத் துளை பொருந்துகிறது.

கேள்வி (உதிரிபாகக் கடை): நாசில் மேல் பொறித்த எண் டி.எல்.எல்.ஏ. 150 என்று கேட்டால் 140 இருக்கு, போடலாம் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

பதில்: அந்த எண் தாரைகள் சேர்ந்து அமைக்கும் கூம்பின் முழுக் கோணம். 10 டிகிரி குறைந்தால் பக்கத்துக்கு 5 டிகிரி கீழே சாயும். நுனியிலிருந்து 30 மி.மீ. தள்ளி, தாரை ஏறக்குறைய 3 மி.மீ. தாழ்ந்து போய்ப் படும். கிண்ண விளிம்புக்குக் குறிவைத்தது அடியில் போய் அடித்தால் புகையும் கரியும் வரும். கடைசியில் இருக்கும் எண் வரிசை எண், துளை அளவு அல்ல. அதுவும் ஒத்திருக்க வேண்டும். கொடுக்காதீர்கள்.

கேள்வி: தையல் ஊசியால் லேசாகக் குத்தினால்கூடவா தப்பு?

பதில்: ஆம். மேலே உள்ள 16 சதவீதக் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: சாக் நாசில், வி.சி.ஓ. நாசில் இரண்டில் எது உசத்தி?

பதில்: சாக் வகையில் சீட்டுக்குக் கீழே ஒரு சிறு குழி உண்டு, துளைகள் அதிலிருந்து புறப்படும். நீடில் மூடிய பிறகும் குழிக்குள் தங்கிய டீசல் சூட்டில் மெல்ல வழிந்து, சரியாக எரியாமல் போகும். வி.சி.ஓ.வில் துளைகள் சீட்டிலேயே இருப்பதால் நீடில் அவற்றை நேராக மூடிவிடும், வழிவதற்கு அதிகம் மிஞ்சாது. ஆனால் நீடில் தூக்கும் தொடக்கத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத் துளை பட்டினி, எதிர்ப்பக்கத் துளைக்கு மிகுதி. குழியைச் சுருக்கிய மினி சாக் இரண்டுக்கும் நடுவில் வந்தது. எஞ்சினுக்கு எது கொடுக்கப்பட்டதோ அதையே போடுங்கள்.

கேள்வி (பாலிடெக்னிக் ஆசிரியர்): துளையின் உள்விளிம்பை உருட்டிவிட்டால்தான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கூர்மையான விளிம்பில் கேவிட்டேஷன் (டீசலுக்குள் ஆவிக் குமிழி பிறப்பது) வந்தால் தாரை நன்றாக உடைகிறது, துளைக்குள் கரியும் சேராது. உருட்டுவது உற்பத்தியாளருக்கு வசதி, அவ்வளவுதான்.

பதில்: உங்கள் பேச்சில் பாதி சரி. அந்தப் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டே தொடங்குகிறேன்.

கூர் விளிம்பில் டீசல் திரும்ப முடியாமல் சுவரைவிட்டு விலகுகிறது. அந்த இடுக்கில் அழுத்தம் ஆவி அழுத்தத்துக்குக் கீழே போய்க் குமிழிகள் பிறக்கின்றன. அவை துளை வாயருகே உடைந்து தாரையைச் சிதறடிக்கின்றன, கரியையும் பெயர்க்கின்றன. இதுவரை உங்களோடு ஒத்துப்போகிறேன்.

இழப்பையும் எண்ணுங்கள். குமிழி அடைத்த இடத்தில் டீசல் போகாது. வெளியேற்றக் குணகம் 0.6, 0.7 என்று இறங்கும். உருட்டிய துளையில் 0.8க்கு மேல் கிடைக்கும். அதே டீசலைச் சிறிய துளையில் செலுத்த முடியும் என்பதால் தாரை இயல்பாகவே நுண்மையாகிறது. அடுத்து, ஸ்பார்க் எரோஷனில் (மின்பொறியால் அரித்து) போட்ட விளிம்பு ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஏழு துளையும் ஏழு அளவு தரும். உராய்துகள் கலந்த திரவத்தை உள்ளே செலுத்தி, குறித்த பாய்வு வரும்வரை தேய்த்தால் எல்லாம் ஒரே அளவுக்கு வருகின்றன. தேய்க்காமல் விட்டால் ஓட்டத்தில் டீசலே அந்த விளிம்பைத் தேய்க்கும், மாதத்துக்கு மாதம் பாய்வு மாறும்.

மீண்டும் அவரே: அப்படியானால் கூம்புத் துளைகளில் ஏன் கரி அதிகம் சேர்கிறது? உள்வாய் வெளிவாயைவிட 15 மைக்ரான் அகலமாக இருக்கும், கே 1.5 வகையைச் சொல்கிறேன்.

பதில்: சேர்கிறது, மறுக்கவில்லை. கூம்பில் அழுத்தம் வாய்வரை சீராக இறங்குவதால் குமிழி வராது, துடைக்கும் வேலையும் நடக்காது. ஐரோப்பியக் கரிச் சோதனையில் டீசலோடு 10 லட்சத்தில் 1 பங்கு துத்தநாகம் கலந்தே ஓட்டுகிறார்கள். அந்தச் சிறு அளவு போதும், துளைக்குள் படிந்து எஞ்சின் சக்தியை இறக்க. ஆகவே கேள்வி கூர்மையா உருட்டலா என்பதல்ல, எவ்வளவு கூம்பு என்பதே. சுத்தமான டீசலுக்குக் கூம்பு கூடலாம். டீசலை நம்ப முடியாத இடத்தில் குறைவாக வைப்பதே நல்லது. உங்கள் மாணவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: டெஸ்டரில் தெரியும் தாரையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. வெளிக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, சிலிண்டருக்குள் செலுத்தும் நேரத்தில் 20 கிலோ அளவில் இருக்கும். தாரையின் நீளமும் விரிவும் இரண்டு இடத்திலும் வேறு வேறு.

குறுக்கே ஒருவர் (ஜீப் பந்தயப் பிரியர்): நீங்கள் இருவரும் சொல்வதைப் பார்த்தால் 0.13ஐ 0.15 ஆக்கினால் இழுவை கூடும் போலிருக்கே?

பதில்: பரப்பு 33 சதவீதம் கூடும். காற்று அதேதான். எரியாத டீசல் கறுப்புப் புகையாகும், புகைபோக்கிச் சூடு ஏறும், திரவம் சுவரில் பட்டு என்ஜின் ஆயிலில் கலக்கும். அதோடு நிற்காமல் பிஸ்டன் தலை உருகிய எஞ்சின்கள் உண்டு. காற்றைக் கூட்டாமல் துளையைத் தொடாதீர்கள்.

பாலிடெக்னிக் ஆசிரியர்: டீசல் தரத்தைப் பொறுத்துக் கூம்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன். கூர் விளிம்பு முற்றிலும் தவறு என்பதைத்தான் மறுத்தேன்.

பதில்: அதில் நமக்குள் சண்டையே இல்லை.

கேள்வி (பிக்கப் ஓட்டுநர்): பி.எஸ். 6 வண்டி அண்ணா. டீசலில் கந்தகம் இல்லாததால் வழவழப்பு போய்விட்டது, கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்றலாம் என்கிறார்கள்.

பதில்: ஊற்றாதீர்கள். கந்தகம் 10 பி.பி.எம்.முக்கு (10 லட்சத்தில் 10 பங்கு) இறங்கியது உண்மை. வழவழப்புக்கான மருந்தைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். தேய்மானச் சோதனையில் வடு 460 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. என்ஜின் ஆயிலில் பொதுவாக ஆயிரம் பி.பி.எம். அளவில் துத்தநாகம் இருக்கும். 60 லிட்டர் டேங்கில் 60 மி.லி. ஊற்றினால் மேலே சொன்ன கரிச் சோதனையின் அளவை நீங்களே கலந்துவிடுகிறீர்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், அது வழவழப்பை இன்னும் குறைக்கும்.

கேள்வி: என் பைக் இன்ஜெக்டர் அடைப்பு.

பதில்: பெட்ரோல் போர்ட் இன்ஜெக்டர் மூன்று, நான்கு பாரில் ஓடுவது. வேறு வடிவம், வேறு சோதனை. சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

கேள்வி (மெக்கானிக்): காமன் ரெயில் வண்டியில் ஒரு இன்ஜெக்டர் மாற்றியதும் ஐடிலில் தட்டுகிறது. அடியில் டீசல் கரி கசிகிறது. பழைய முறையில் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்க்கலாமா?

பதில்: ஓடும் காமன் ரெயில் எஞ்சினில் பைப் நட்டைத் தொடாதீர்கள். ஐடிலிலேயே சில நூறு பார் இருக்கும். மேலே எழுதிய தோல் காயம்தான் இங்கும், இன்னும் கொடியது. நிறுத்தி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து பிறகு கழற்றுங்கள்.

உங்களுக்கு இரண்டு வேலை. இன்ஜெக்டர் தலையில் பொறித்த திருத்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈ.சி.யு.வில் (எஞ்சினை இயக்கும் கணினி) ஏற்றினீர்களா? ஏற்றாவிட்டால் பழைய இன்ஜெக்டருக்கு உரிய நேரத்தையே புதியதற்கும் கொடுக்கும், தட்டல் வரும். அடுத்தது செப்பு வாஷர். பழையதைத் திரும்பப் போட்டாலோ, அடியில் ஒட்டிய பழையதன் மேல் புதியதை வைத்தாலோ கசியும். இரண்டு வாஷர் இருந்தால் நாசில் நுனி மேலே ஏறி, தாரை கிண்ணத்துக்கு வெளியே அடிக்கும். துளையின் அடித்தளத்தை உரிய ரீமரால் சுத்தம் செய்து, கரித்தூளை வெளியே உறிஞ்சி எடுத்து, அதே தடிமனில் ஒரே ஒரு புது வாஷர் போடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள கம்பி 0.10 மி.மீ.தான், அதை விட்டுப் பார்க்கலாமா?

பதில்: மூன்றாவது முறை: கூடாது. துளைக்குள் முறிந்துவிட்டால் நாசிலையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி (படகு உரிமையாளர்): ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடில் ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் பழுப்பு நிறப் புள்ளிகள்.

பதில்: அது துரு, தண்ணீர். புது நாசில் போட்டாலும் இதுவே நடக்கும். டேங்கின் அடிவடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே தண்ணீர் அடுக்கு பிரிந்தால் டேங்கைக் காலி செய்து துடையுங்கள். தண்ணீர் பிரிக்கும் பில்டரைப் பம்புக்கு முன்னால் பொருத்தி, கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அதன் அடி ஸ்குரூவைத் திறந்து வடியுங்கள். படகைக் கட்டிப்போடும் காலத்தில் டேங்கை நிறைத்து வையுங்கள், காலியிடம் இருந்தால் ஈரக்காற்று உள்ளே வேர்க்கும். புள்ளி விழுந்த ஜோடியைத் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம்.