டிக்கியில் இடம் போகாமல் காரில் சப்வூஃபர் போட முடியுமா?

கேள்வி கேட்டவர் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறாராம். டிக்கி ஏற்கெனவே சின்னது, அதில் பெட்டி எதுவும் வைக்காமல் பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த கனத்த ஒலி, கிடைக்க வழி உண்டா என்கிறார். சப்வூஃபர் என்பது அந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்.

உண்டு. என்னுடையதும் ஸ்விஃப்ட்தான், 2018 மாடல். என் சப்வூஃபர் இப்போது முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் கிடக்கிறது, டிக்கி காலி. ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் ஒரு தண்டச் செலவு செய்துவிட்டேன்.

முதலில் சென்னை ஜி.பி. ரோட்டில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பெட்டியோடு வாங்கி டிக்கியில் உட்கார வைத்தேன். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்குத் திருநெல்வேலி போய்த் திரும்பும்போதுதான் வினை. அம்மா ஒரு சிப்பம் அரிசி, அரை மூட்டைத் தேங்காய், ஒரு வாழைத்தார் என்று வாசலில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் பெட்டிகள் வேறு. கடைசியில் வாழைத்தார் பின்சீட்டில் மகளுக்கும் மனைவிக்கும் நடுவில் பயணம் செய்தது. விக்கிரவாண்டி தாண்டும்போது மனைவி கேட்டாள்: "பாட்டுப் பெட்டிக்கு சீட்டு, எங்களுக்கு ஸ்டாண்டிங்கா?" அடுத்த மாதமே பெட்டியை விற்றுவிட்டேன்.

பெட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்கலாம். சப்வூஃபருக்குப் பின்னால் காற்று வேண்டும். 12 அங்குலத்துக்கு மூடிய பெட்டி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர், துளை வைத்த பெட்டி என்றால் 50 லிட்டர் அல்லது அதற்கும் மேல். இது உள்ளே உள்ள காற்று மட்டும்தான். பலகையின் தடிமன் தனி. என் மாடலின் டிக்கியோ மொத்தமே 268 லிட்டர். கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்குதான் போகிறது என்று தோன்றும். ஆனால் அதன் மேல் அரிசி மூட்டையை ஏற்ற முடியாது, பக்கத்தில் சூட்கேஸ் படுக்காது. நடைமுறையில் பாதி டிக்கி போய்விடும்.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஒலிப்பெட்டி செய்கிறவர்கள் இதை ஹாஃப்மன் விதி என்பார்கள். சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான சப்வூஃபரும் இதற்குத் தப்பவில்லை. உள்ளேயே ஒரு ஆம்ப் (ஒலியைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபையர்) வைத்து வாட்டைக் கூட்டி, ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒப்பேற்றுகிறது. எனக்கு அந்தப் பேரம் பிடித்திருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிர்வது. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் அந்தக் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்குமே, கதவு ஸ்பீக்கரில் பாதிதான் கேட்கும். இப்போது முழுசாகக் கேட்கிறது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், இது அதற்கு ஆகாது.

சீட்டுக்கு அடியில் வைத்தால் சத்தம் காலடியிலிருந்து வருமே என்று நானும் பயந்தேன். வராது. சப்வூஃபரைச் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பாட விடுகிறோம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நீளமே சுமார் 4.3 மீட்டர், என் ஸ்விஃப்டின் மொத்த நீளம் 3.84 மீட்டர். அவ்வளவு நீளமான அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது. கதவு ஸ்பீக்கர்கள் முன்னால் பாட, பேஸும் அங்கிருந்தே வருவதுபோல் இருக்கும்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடலின் நீள அகல உயரத்துக்குத் தெர்மாகோல் வெட்டி சீட்டுக்கு அடியில் வையுங்கள். சீட்டைக் கடைசிவரை முன்னே தள்ளி, பின்னே இழுத்துப் பாருங்கள். அப்புறம் வீட்டிலேயே கனமான ஆளை உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் அது என் மச்சான். அவர் எழுந்ததும் தெர்மாகோலை எடுத்துப் பார்த்தால், சீட் கம்பி பதிந்து இரண்டு கோடுகள். ஆள் உட்கார்ந்தால் கம்பி அவ்வளவு இறங்கும் என்று டேப்பால் அளந்தபோது தெரியவே இல்லை. முதலில் நினைத்திருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் மெலிந்த மாடலாகப் பார்த்து வாங்கினேன்: 8 அங்குலம், உயரம் 7 சென்டிமீட்டர், ஆர்.எம்.எஸ். 120 வாட். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட்டை நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ். எண்ணைத் தேடுங்கள், தொடர்ந்து பாடும்போது தாங்கும் வாட் அதுதான்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் வேண்டாம். திருகு கழன்று ஏதாவது பெடல் பக்கம் உருண்டால் விபரீதம். இடது சீட்டிலும் குனிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில வண்டிகளில் அங்கே டிரே இருக்கும், சில ஹைபிரிட் வண்டிகளில் லித்தியம் பேட்டரியே இருக்கும். மஞ்சள் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) கண்ணில் பட்டால் அது ஏர்பேக் ஒயர், தொடவே கூடாது. மழைக்காலத்தில் கார்ப்பெட் நனைகிற வண்டியாக இருந்தால் முதலில் அந்த ஒழுகலைச் சரிசெய்யுங்கள்.

ஸ்டெப்னிக்குள் உட்காரும் வட்ட சப்வூஃபரும் கடைகளில் இருக்கிறது. ஜே.பி.எல். பேஸ்ப்ரோ ஹப் அந்த ரகம்தான், 11 அங்குலம், பேஸும் சீட்டடி ரகத்தைவிடக் கனம். நான் ஏன் வாங்கவில்லை என்றால், ராத்திரி பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் பஞ்சர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் இறக்கி, ஒயரைக் கழற்றி, சப்வூஃபரைத் தூக்கி வெளியே வைத்த பிறகுதான் டயருக்கே கை போகும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல வழி. பக்கவாட்டுக் குழியில் ஃபைபர் கிளாஸில் பெட்டி வார்த்துத் தருகிறார்கள். அழகாக இருக்கும், ஆனால் வண்டியை விற்கும்போது அதுவும் வண்டியோடு போய்விடும்.

பணத்தில் கொஞ்சத்தை ஒயரிங்குக்கு ஒதுக்குங்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ், எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம். தகரம் ஒயரை அறுத்தால் தீப்பிடிக்கும், இதில் விளையாட வேண்டாம். கம்பெனி செட்டில் ஆர்.சி.ஏ. அவுட் (ஆம்புக்கு சிக்னல் தரும் தனி சாக்கெட்) இல்லையென்றால் கவலை இல்லை. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வசதி இந்த ரகத்தில் பெரும்பாலும் இருக்கும். கப்ளர் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், கம்பெனி ஒயரை வெட்ட விடாதீர்கள். வாரண்டி பேச்சு வரும்போது அந்த வெட்டைத்தான் முதலில் காட்டுவார்கள்.

எனக்கு மாட்டித் தந்த இடத்தில் ஒரு கோளாறு செய்தார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாட்டுக்குப் பின்னால் கொசு பறப்பதுபோல் 'ங்ஙீ' என்று ஒரு சத்தம், மிதிக்க மிதிக்கக் கூடியது. இரண்டு தடவை போயும் "செட்டே அப்படித்தான் சார்" என்றார்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்து கார்ப்பெட்டைத் தூக்கினார். எர்த் ஒயரைப் பெயிண்ட்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளித் தகரம் பளிச்சென்று தெரிந்ததும் அதே இடத்தில் இறுக்கினார். கொசு போய்விட்டது.

அமைப்பதற்கு அரைமணி நேரம் போதும். லோ பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விடும் வடிகட்டியை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். செட்டில் ஹை பாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) இருந்தால் கதவு ஸ்பீக்கர்களையும் அதே 80-இல் வெட்டிவிடுங்கள், பாரம் குறைந்து அவையும் தெளிவாகப் பாடும். சப்வூஃபரின் அதிர்வை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டுப் பார்த்து, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். கெயின் என்பது வால்யூம் இல்லை, செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. அதை முழுசாகத் திருகிவிட்டு "பேஸ் கொழகொழ என்றிருக்கிறது" என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, ஏதோ ஒன்று தடதடக்கும். எனக்கு ஒரு வாரம் கதவு மேல் சந்தேகம், டேஷ்போர்டு மேல் சந்தேகம். கார்டு வைக்கும் இடுக்கில் கிடந்த ஐந்து ரூபாய் நாணயத்தைக்கூட எடுத்து வெளியே போட்டேன். ஒரு நாள் பாட்டை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்து பின்பக்க நம்பர் பிளேட்டை உள்ளங்கையால் அழுத்தினேன், நின்றுவிட்டது. பின்னால் இரண்டு துண்டு ஃபோம் டேப் ஒட்டினேன், இருபது ரூபாய் செலவு.