நூறு ரூபாய்ப் பத்திரத்தில் விவாகரத்து ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோயிலில் கல்யாணம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. நாலு வயதில் மகள் இருக்கிறாள். ஒத்துவராமல் இரண்டரை வருடம் முன்பு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். போன வருடம் இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி, நூறு ரூபாய்ப் பத்திரத்தில் ‘இனி இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்’ என்று எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கிவிட்டார்கள். இப்போது எனக்கு மறுமணம் பேசுகிறார்கள். ஆவணியில் வைக்கலாம் என்கிறார்கள். தடை ஏதும் உண்டா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஆவணி வேண்டாம் சகோதரி. சட்டப்படி நீங்கள் இன்னும் அவருடைய மனைவிதான்.

இந்த மாதிரிப் பத்திரங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஊர் வேறு, பெயர் வேறு, வாசகம் மட்டும் அதேதான். நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டது நீங்கள் இருவரும்தான் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். கல்யாணத்தைக் கலைக்கும் அதிகாரம் நோட்டரிக்கும் இல்லை, பஞ்சாயத்துக்கும் இல்லை. ‘எங்க ஆட்களில் அத்துவிடுவது வழக்கம்தானே’ என்று யாராவது சொல்வார்கள். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு அப்படிப்பட்ட வழக்கத்தை ஏற்கிறது, உண்மை. ஆனால் அது காலங்காலமாக உங்கள் சமூகத்தில் இருந்துவருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். அதை நம்பி இரண்டாவது தாலி ஏறினால் அந்தக் கல்யாணமே செல்லாது. முதல் கணவர் மனம் மாறிப் புகார் கொடுத்தால் ஏழு வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் அது.

சரி, வழி என்ன? அவரும் பிரியத் தயாராக இருக்கிறார் என்பதால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அதே இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சேர்ந்து ஒரே மனு போடலாம். வக்கீல்கள் இதை ‘மியூச்சுவல்’ என்பார்கள். ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யலாம். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், நீங்கள் இப்போது இருக்கும் ஊர், இவற்றில் எது வசதியோ அங்கே.

மனு தாக்கல் செய்த நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், மனம் மாறுமா என்று பார்க்க. இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், பணம், பிள்ளை விவகாரமெல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். உங்களுக்குக் கேட்டுப் பார்க்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீதிபதியின் முடிவு.

ஒரு எச்சரிக்கை. தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மறுமணப் பேச்சு அவர் காதுக்குப் போய், வீம்புக்கு ‘மாட்டேன்’ என்றுவிட்டால், நீங்கள் தனியாக 13-வது பிரிவில் வழக்குப் போட வேண்டிவரும். அங்கே ‘ஒத்துவரவில்லை’ என்பது காரணமே ஆகாது. கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது என்று ஏதாவது ஒன்றை நிரூபிக்க வேண்டும். வீட்டை விட்டு வந்தது நீங்கள் என்பதால் கைவிட்டதாகச் சொல்வது லேசில்லை. வாய்தா மேல் வாய்தா, வருடக்கணக்கில் இழுக்கும். அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதைக்கு வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நகை, சீர், மகள் யாரிடம் இருப்பாள், அப்பா எப்போது பார்க்கலாம் என்பதெல்லாம் மனுவிலேயே எழுத்தில் வரட்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தீர்களே, அது உங்கள் மகளைக் கட்டுப்படுத்தாது. அப்பாவிடமிருந்து அவளுக்கு வரவேண்டிய பராமரிப்பை விட்டுக்கொடுக்க உங்களுக்கே உரிமை இல்லை.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தீர்ப்பு கையில் வந்த பிறகும் மேல்முறையீட்டுக்கான 90 நாள் கழியட்டும், அதற்குப் பிறகு முகூர்த்தம் பாருங்கள்.

போகும்போது கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, இருவரின் ஆதார் நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு ரூபாய்ப் பத்திரத்தையும் கிழித்துவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்து இருக்கிறீர்கள் என்று காட்ட அது உதவும்.