கேள்வி – பதில்: பன்னிரண்டாம் நாள் இறந்தவர் எந்தக் கணக்கில் வருவார்?

சாலை விபத்துகளையும் காயங்களையும் நாடு முழுமைக்கும் ஒரே தரவு அமைப்பில் பதிவது குறித்து வந்த கேள்விகளில் சில, பதில்களுடன்.

விபத்துப் பதிவுக்கு மென்பொருள் வாங்கப் போகிறார்கள். குழுவில் எனக்கும் இடம் கிடைத்திருக்கிறது. எதை முதலில் வலியுறுத்த வேண்டும்?

மென்பொருளைக் கடைசி வேலையாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அண்மையில் நடந்த ஒரு சாலை மரணத்தை எடுத்துக்கொண்டு, அது எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். காவல் நிலைய வழக்குக் கோப்பு, ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவு, அவசரப் பிரிவுப் பதிவேடு, உள்நோயாளிக் கோப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புப் பதிவு, காப்பீட்டுக் கோரிக்கை என்று ஆறேழு இடங்களில் அந்த ஒருவரே இருப்பார். ஓரிடத்தில் வயது வேறு, இன்னோரிடத்தில் தேதி வேறு. இறப்புப் பதிவில் ‘தலைக்காயம்’ என்று மட்டும் இருக்கும், சாலை என்ற சொல்லே இருக்காது. இப்படிப் பத்துப் பேரைத் தேடிவிட்டால் நாட்டின் தரவு எங்கே கிழிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது வரையறை. எது விபத்து? பொதுச் சாலையில், ஓடிக்கொண்டிருந்த ஒரு வாகனமாவது சம்பந்தப்பட்டு, ஒருவராவது காயமடைந்தது அல்லது இறந்தது. தற்கொலை சேராது. ஓட்டும்போதே மாரடைப்பால் இறந்தவரும் சேரமாட்டார். இதை எல்லாத் துறைகளும் கையெழுத்திட்டு ஏற்ற பிறகுதான் படிவம். அந்தப் படிவத்தையும் முதலில் தாளில் அச்சிட்டு இரண்டு மூன்று மாவட்டங்களில் சில மாதம் ஓட்டிப் பாருங்கள். தாளில் குழப்பும் கேள்வி திரையிலும் குழப்பும்.

தரவுத்தளத்தில் விபத்து, வாகனம், நபர் என்று மூன்று தனித்தனி அட்டவணைகள் தேவை. ஒரு விபத்தில் மூன்று வாகனம், ஏழு பேர் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைத்தால் நான்காவது பயணிக்கு இடமிருக்காது. நடந்து போனவருக்கு வாகன எண் கிடையாது என்பதால், அவரை இடித்த வாகனம் எது என்று குறிக்கத் தனிப் புலம் (பதில் நிரப்பும் கட்டம்) வேண்டும். இதை விட்டுவிட்டு, பாதசாரிகளை எந்த வாகனம் அதிகம் இடிக்கிறது என்று பின்னால் கேட்டால் பதில் வராது.

காவல்துறை ஒரு எண் சொல்கிறது, சுகாதாரத்துறை வேறு எண் சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டும் ஒரே கூட்டத்தை எண்ணவில்லை. விபத்து நடந்த இடம், வாகனம், சாலை ஆகியவை காவல்துறைக்குத் தெரியும். காயம் எவ்வளவு ஆழம், பிழைத்தாரா இல்லையா என்பது மருத்துவமனைக்குத் தெரியும். சைக்கிளில் தனியே விழுந்து கால் முறிந்தவர் காவல் நிலையம் பக்கமே போகமாட்டார். சம்பவ இடத்திலேயே இறந்தவர் வார்டு பதிவேட்டுக்கு வரமாட்டார்.

மரணத்தில் பெரிய இடைவெளி நாள் கணக்கால் வருகிறது. விபத்து நடந்து 30 நாட்களுக்குள் அதனால் இறந்தால் சாலை மரணம் என்பதே உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறை. முதல் 24 மணி நேரத்தோடு எண்ணுவதை நிறுத்தும் நாட்டின் எண்ணை 1.30ஆல் பெருக்கி 30 நாள் கணக்குக்குக் கொண்டுவருவது வழக்கம். 3 நாள் என்றால் 1.15, 7 நாள் என்றால் 1.08. ஆனால் இவை ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தில் பிறந்த பெருக்கெண்கள். தீவிர சிகிச்சை எட்டாத இடத்தில் மரணம் விரைவாகவே நிகழ்ந்துவிடும். அங்கே இதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அதனால் பெருக்கிப் பார்ப்பதைவிட ஆளைப் பின்தொடர்வதே நல்லது. முதல் நாள் ‘காயம்’ என்று எழுதிய கோப்பு, அவர் பன்னிரண்டாம் நாள் இறந்த பிறகும் ‘காயம்’ என்றே கிடக்கிறது. திருத்துவது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதாததுதான் காரணம். சிகிச்சையில் இருப்பவர்களின் பட்டியலை 7ஆம் நாளும் 30ஆம் நாளும் அமைப்பே எடுத்துத் தர வேண்டும். அதை மருத்துவமனையில் பெயர் குறித்து நியமிக்கப்பட்ட ஒருவர் சரிபார்த்து மூட வேண்டும். மூடாத பதிவு ‘பிழைத்தார்’ என்று தானாக மாறவே கூடாது.

காவல்துறை, மருத்துவமனை ஆகிய இரண்டின் பட்டியல்களையும் இணைக்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். முகம்மது என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! வயதைக் காவலர் 40 என்று முழு எண்ணாக்குவார், மருத்துவமனையில் 38 இருக்கும். இரவு 11.40க்கு நடந்த விபத்துக்கு மருத்துவமனையில் சேர்த்த தேதி மறுநாள். ஆகவே பாலினம், வயது (இரண்டு மூன்று ஆண்டு முன்பின்), தேதி (ஒரு நாள் முன்பின்), வாகன வகை, இடம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். நடுத்தர மதிப்பெண் பெறும் இணைகளை மனிதக் கண் பார்க்கட்டும். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டவர் இரண்டு பேராக எண்ணப்படாமல் இருக்க, மருத்துவமனைப் பட்டியலை அதற்குள்ளேயே முதலில் இணைத்துவிடுங்கள்.

இணைத்த பின் விடுபட்டவர்களையும் மதிப்பிடலாம். விளக்கத்துக்கு ஒரு கணக்கு: காவல்துறையிடம் 400 பேர், மருத்துவமனையிடம் 600 பேர், இரண்டிலும் 240 பேர். 400ஐ 600ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் 1000, இதுவே மொத்தப் பேரின் மதிப்பீடு. பெயர் தெரிந்தவர்கள் 760. மீதி 240 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இதே கணக்கில் உண்மையான 40 இணைகளைத் தவறவிட்டால் பொது எண்ணிக்கை 200 ஆகி, விடை 1200க்குத் தாவிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பலத்த காயம் இரண்டு பட்டியலிலும் விழ வாய்ப்பு அதிகம், சிறுகாயம் இரண்டிலும் நழுவும். எல்லோரையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டால் மொத்தம் குறைந்து தெரியும். காயத்தின் தீவிரம், சாலைப் பயனர் வகை என்று பிரித்துப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

மருத்துவமனையில் எல்லாம் கணினியில்தான் இருக்கிறது. அதிலிருந்து சாலைக் காயங்களை மட்டும் பிரித்தெடுக்க முடியாதா?

நோய்களையும் காயங்களையும் வகைப்படுத்தும் உலகப் பொதுக் குறியீடான ஐசிடி-10ஐ முழுமையாக எழுதியிருந்தால் முடியும். தொடை எலும்பு முறிவுக்கு எஸ்72 என்று எழுதுவார்கள், சிகிச்சைக்கு அது போதும். எப்படி முறிந்தது என்பதற்கு வி01 முதல் வி89 வரையான குறியீடு வேண்டும்: பாதசாரிக்கு வி01–வி09, சைக்கிளுக்கு வி10–வி19, மோட்டார் சைக்கிளுக்கு வி20–வி29. விட்டுப்போவது இதுதான். எழுதினாலும் விவரமற்ற வி89இல் கொண்டுபோய்ப் போடுவார்கள். அவசரப் பிரிவின் முதல் சீட்டிலேயே ‘எதில் வந்தார், எது மோதியது’ என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். குறியீட்டாளர் வார்டில் போய் விசாரிக்கப் போவதில்லை, சீட்டில் இருப்பதைத்தான் குறிப்பார்.

‘கொடுங்காயம்’ என்று முடிவு செய்வது யார்? காவலரா?

சம்பவ இடத்தில் நிற்கும் காவலரிடம் இந்த முடிவை விடுவது அவருக்கும் நியாயமல்ல. ரத்தம் கொட்டும் உச்சந்தலைக் கீறல் பயங்கரமாகத் தெரியும். உள்ளே மண்ணீரல் கிழிந்தவர் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பிரிட்டனில் 2016 முதல் பல காவல் படைகள் வழிமுறையை மாற்றின: காவலர் தீவிரத்தைச் சொல்வதில்லை, காயத்தின் வகையைப் பட்டியலில் குறிக்கிறார், தீவிரத்தைக் கணினி முடிவு செய்கிறது. உடனே கொடுங்காய எண்ணிக்கை உயர்ந்தது. அந்த உயர்வுக்குக் காரணம் படிவம். பழைய ஆண்டுகளோடு ஒப்பிட, திருத்திய எண்களையும் வெளியிட வேண்டியிருந்தது. உங்கள் நாட்டில் படிவம் மாறும்போதும் சில மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்தே நிரப்பச் செய்யுங்கள். அப்போதுதான் இந்தத் திருத்தத்துக்கு அளவுகோல் கிடைக்கும்.

மருத்துவமனைத் தரவு இணைந்துவிட்டால், காயத்தின் தீவிரத்தை அளக்கும் ஏஐஎஸ் (AIS) அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். உடலிலுள்ள மிகப் பெரிய மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்காயம். ஐரோப்பிய ஒன்றியம் இதைத்தான் ஏற்றிருக்கிறது.

வரைபடத்தில் விபத்துப் புள்ளிகள் காவல் நிலையத்தின் மேலேயே குவிகின்றன. ஏன்?

படிவத்தை நிலையத்துக்குத் திரும்பிய பிறகு நிரப்புகிறார்கள், கருவி தான் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிலையத்திலிருந்து 100 மீட்டருக்குள் விழும் புள்ளிகளை ‘உறுதி செய்க’ என்று நிறுத்துங்கள். சம்பவ இடத்தில் இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் இடத்தைச் சேமிக்கும் வசதி இருக்க வேண்டும்.

மற்ற பிழைகள்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. 12 டிகிரி 30 நிமிடத்தை 12.30 என்று எழுதுவது. சரியான தசம எண் 12.50. வித்தியாசம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வையுங்கள், அது ஏறக்குறைய 1 மீட்டர். 3 இலக்கம் என்றால் 100 மீட்டருக்கு மேல், சந்திப்பு எது என்றே தெரியாது. ஆனால் கைபேசியின் உண்மைத் துல்லியம் திறந்த வெளியில்கூடச் சில மீட்டர்கள். நடுத்தடுப்புள்ள சாலையில் புள்ளி எதிர்ப்பக்கம் விழும். வாகனம் எந்தத் திசையில் போனது என்பதைத் தனியே கேளுங்கள்.

படிவத்தில் எத்தனை கேள்வி இருக்கலாம்?

எந்தப் பதிலை யார் பயன்படுத்துவார் என்று சொல்ல முடியாத கேள்வியை நீக்குங்கள், எண்ணிக்கை தானாகக் குறையும். காலி, ‘தெரியவில்லை’, ‘பொருந்தாது’ மூன்றுக்கும் வெவ்வேறு குறியீடு வேண்டும். மது விஷயத்தில் ‘சோதிக்கவில்லை’, ‘சோதித்தோம், இல்லை’ இரண்டையும் கலந்துவிட்டால் அந்தப் புலம் முழுதும் வீண். விடைப்பட்டியலில் எதையும் முன்கூட்டியே தேர்ந்து வைக்காதீர்கள். அவசரத்தில் அதையே விட்டுவிட்டுப் போவார்கள், பிறகு நாட்டின் எல்லா விபத்தும் ‘தெளிவான வானிலை’யில் நடந்திருக்கும்.

நோயாளி விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

தயக்கம் சரியானது. இரு துறைகளும் தத்தம் பதிவை மூன்றாவதொரு அலுவலகத்துக்கு அனுப்பட்டும். அங்கே இணைத்ததும் பெயர், அடையாள எண், வாகனப் பதிவெண் எல்லாவற்றையும் நீக்கி மாற்று எண் கொடுக்க வேண்டும். பெயரையும் மாற்று எண்ணையும் பொருத்தும் சாவிக் கோப்பு தனிக் கணினியில், இரண்டு பேர் சேர்ந்தால் மட்டுமே திறக்கும்படி இருக்கட்டும். இந்தத் தொகுப்பை யார்மீதும் வழக்குக்குச் சான்றாக எடுக்க முடியாது என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அது இல்லாமல் மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவை இந்தப் புலத்தில் எழுதமாட்டார்.