தம்பிக்கு ஜெபிச்சு பிரயோசனம் இருக்கா?

கேள்வி: எங்க பாஸ்டர் போன ஞாயிறு ரோமர் 9 எடுத்து, உலகம் உண்டாகுறதுக்கு முந்தியே தெரிஞ்சுகிட்டவங்கதான் ரட்சிக்கப்படுவாங்க, மத்தவங்களுக்கு எவ்வளவு ஜெபிச்சும் பிரயோசனம் இல்லன்னுட்டார். என் தம்பி கசிப்பு குடிச்சே அழியுறான். ஏழு வருஷமா ஜெபிக்கிறேன். இனி விட்டுறவா?
வாசகி, பொகவந்தலாவை

பதில்: விடாதீங்க தங்கச்சி. உங்க பாஸ்டர் சொன்னதுல பாதி வேதம், பாதி அவரா சேத்துகிட்டது. தெரிஞ்சுகொள்ளுதல் எபேசியர் 1:4ல தெளிவா இருக்கு, அத மழுப்ப நான் வரல (மெதடிஸ்ட்காரங்க, இத ஒத்துக்காத தங்க சபை ஸ்தாபகர் வெஸ்லி பக்கம் நின்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும்). ஆனா எத வச்சு தெரிஞ்சுகிட்டார்? நம்ம மலையில தேயிலக் கொழுந்து நிறுக்குறப்போ தராசத்தான் பாப்பாங்க, சொன்ன கிலோ வரலன்னா அரப்பேர் (அர நாள் சம்பளம்) போட்டுட்டு போயிருவாங்க, அந்தப் பொம்பள காய்ச்சலோட மலை ஏறுனாளா மழையில நனஞ்சாளான்னு யாரு கேக்குறா. ரோமர் 9:11 இதுக்கு நேர் எதிர். ரெட்டப் புள்ளைங்க யாக்கோபும் ஏசாவும் இன்னும் பொறக்கவே இல்ல, நல்லது கெட்டது ஒண்ணும் செய்யல, அதுக்குள்ள தேர்வு முடிஞ்சிருச்சு. தராசே கெடையாதுங்குறேன். அப்புறம் கசிப்பு போத்தல வச்சு உங்க தம்பி பேர் இல்லன்னு சொல்ல பாஸ்டருக்கு எந்த செக்ரோல் (பேர் பதியுற புத்தகம்) கெடச்சுச்சு?

இந்த உபதேசத்த கறாரா எழுதி வச்சது 1618-19ல ஒல்லாந்துல, டோர்ட் நகரத்துல கூடுன சபைச் சங்கம். பிறகு நம்ம தீவோட கரையோரத்த பிடிச்சாங்களே, அதே ஒல்லாந்தரோட சபைதான். அந்தத் தீர்மானத்துலயே, மனந்திரும்பி விசுவாசிங்கன்னு எல்லா சனத்துக்கும் வித்தியாசம் பாக்காம அறிவிக்கணும்னு இருக்கு. எழுதுனவங்களே லிஸ்ட கையில வச்சுகிட்டு லயம் லயமா போகச் சொல்லல.

இன்னொண்ணு, தம்பி மனசு தம்பி கையில மட்டுந்தான் இருக்குன்னா ஆண்டவர்கிட்ட ஏன் கேக்கணும், தம்பிகிட்டதான கெஞ்சணும்? அவரால திருப்ப முடியும்னு நம்பித்தான ஏழு வருஷமா முழங்கால் போடுறீங்க. கொரிந்துல பவுலுக்கு ராத்திரி தரிசனத்துல ஆண்டவர் என்ன சொன்னார்? பயப்படாம பேசு, இந்த பட்டணத்துல எனக்கு நெறைய சனம் இருக்குன்னார். அப்ப நான் எதுக்குன்னு பவுல் மூட்ட கட்டல, ஒன்றரை வருஷம் அங்கயே இருந்து போதிச்சார்.

ரோமர் 9 தொடங்குறதே பவுல் தன் சனத்துக்காக மனசு ஒடஞ்சு அழுகுறதுலதான், 10:1ல அவங்க ரட்சிக்கப்படணும்னு ஜெபிக்கிறார். நடுவுல உள்ளத மட்டும் பிடுங்குனா இப்புடித்தான் ஆகும். அடுத்த ஞாயிறு பாஸ்டர் அந்தப் பக்கத்த திருப்புனா, 10:1 வரைக்கும் வாசிங்க ஐயான்னு கேளுங்க.