மெக்கானிக்கலா, கம்ப்யூட்டர் சயின்ஸா: ரேஸ் கார் கணக்குப் போடும் பையனின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். "நாள் முழுக்க லேப்டாப்பில் கார் ஓட்டுகிறான் சார், இதை நம்பி மெக்கானிக்கல் சேர்க்கலாமா, கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்று போன ஞாயிறு கேட்டீர்கள். அன்று வரிசையில் நிறையப் பேர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். முழுப் பதில் இதோ.

அவன் விளையாடும் கேம் கிடக்கட்டும். கிளம்பும்போது எக்செல்லில் ஒரு கணக்கைத் திறந்து காட்டினானே, அதைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டியில் ஸ்கிட்பேட் என்று ஒரு சோதனை உண்டு. லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறோமே, அதே மாதிரி. உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். ஒரு சுற்றை 5.5 நொடியில் முடித்தால் கார் பக்கவாட்டில் புவியீர்ப்பைப் போல 1.2 மடங்கு தாங்கியாக வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தான். சரியான விடை. ஓட்டுநரோடு சேர்த்து 300 கிலோ, எடைமையம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர், இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் என்றால், வளைவில் 90 கிலோ பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும் என்பதையும் போட்டிருந்தான். பிளஸ் டூ பையனுக்கு இது பெரிய விஷயம்மா.

ஆனால் டயரின் பிடிமானம், அதாவது தன் மேலுள்ள பாரத்தைப் போல எத்தனை மடங்கு அது ரோட்டைப் பிடிக்கும் என்ற கட்டத்தில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண், 1.5. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நெட்ல போட்டிருந்தது சார்" என்றான்.

இந்தத் தொழிலே அந்த எண்ணில்தான் இருக்கிறது. டயர் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் அந்த 90 கிலோ இடம் மாறியதுமே நான்கு டயரின் மொத்தப் பிடிமானம் குறைந்துவிடுகிறது. எடைமையத்தைத் தாழ்த்த ரேஸ் டீம்கள் படும் பாடெல்லாம் இதற்காகத்தான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்க்காவின், டயர் பிடிமானத்தைக் கணக்கிடும் 'மேஜிக் ஃபார்முலா'கூட, இயந்திரத்தில் டயரை ஓட்டி அளந்த எண்களுக்குப் பொருத்திய ஒரு சமன்பாடுதான். அளக்காமல், காரைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் இல்லை.

அதனால்தான் மெக்கானிக்கல் என்கிறேன். பைத்தான், மேட்லாப் என்ற கம்ப்யூட்டர் மொழிகளை அவன் தானாகவே கற்றுக்கொள்வான். காருக்கு அடியில் படுத்து, சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டி, எடை போட்டுப் பார்க்கும் பழக்கம் தானாக வராது.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டில் ரேஸ் டீம் வேலைகள் மிகக் குறைவு. ஃபார்முலா ஒன் டீம்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இயங்குகின்றன. படிப்பு, விசா எல்லாம் செலவுதான். ஆனால் இதே கணக்கு சாதாரண காரின் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வேண்டும். சென்னையைச் சுற்றியே கார் கம்பெனிகளின் ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன.

கவுன்சலிங்குக்கு முன்னால் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய்விட்டு வாருங்கள். ஃபார்முலா ஸ்டூடண்ட் டீம் இருக்கிறதா, இதே போட்டி நம் நாட்டில் கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஃபார்முலா பாரத் என்ற பெயரில் நடக்கிறதே, அதில் கார் இறக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், டிராக்கில் பதிவான டேட்டாவையும் சிமுலேஷன் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோப்பையையும் போஸ்டரையும் மட்டும் காட்டினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். மூன்று மாத மோட்டார் ஸ்போர்ட் சர்டிபிகேட்டுக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

தம்பிக்கு ஒரு வேலை. விடிகாலையில் ஆள் நடமாட்டமில்லாத சமமான ரோட்டில் சைக்கிளை 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், மிதிப்பதை நிறுத்திவிட்டு, வேகம் எப்படிக் குறைகிறது என்று போனில் பதிவு செய்யட்டும். காற்றும் சரிவும் ஏமாற்றாமலிருக்க இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும். அதிலிருந்து உருளும் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் கணக்கிட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கினால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று ஓட்டிப் பார்க்கும் முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஓட்டிப் பார்க்கட்டும். இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரட்டும். சரியாக வராவிட்டாலும் அழைத்து வாருங்கள், ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து பார்ப்போம்.