மீதியான துணிக்கைகள்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். வேலை சென்னையில். போன ஜூனில் சுற்றுச்சூழல் ஞாயிறன்று எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வாலிபர் சங்கம் சார்பில் இருபது மரக்கன்றுகள் நட்டோம். ஆராதனை முடிந்து வந்த ஒரு பெரியவர், "பூமி எரிந்து அழிந்துபோம் என்று பேதுரு எழுதியிருக்கிறார். நீங்கள் ஆத்துமாக்களைப் பாருங்கள், மரத்தை வனத்துறை பார்த்துக்கொள்ளும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இறையியல்படி இதற்கு என்ன பதில்? படிக்க வேண்டிய புத்தகங்களையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜெ., சென்னை

அன்புள்ள ஜெ.,

பெரியவரை விடுங்கள். பூமி எரிந்துபோம் என்கிறவர்கள்தான் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு இடம் பிடித்து வேலியும் போட்டுவைப்பார்கள். ஏதேன் தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனுஷனை வைத்ததாக ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைக் காட்டுங்கள். அவர் வேறொரு வசனம் காட்டுவார். பொழுது போகும்.

ஆனால் அந்த இருபது கன்றுக்கும் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் பக்கம் ஜூனில் காற்றுதான் அடிக்கும், மழை ஐப்பசியில்தான் என்பது உங்களுக்குத் தெரியாதா? தினமும் இருபது குடத்தைக் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை தலையில் கட்டிவிட்டு ரயிலேறிவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. உங்கள் வயதில் நானும் நட்டேன். அதில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை.

உங்கள் கடிதம் வந்தபோது அசனத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பண்டிகையின்போது கோயில் வளாகத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. என் சின்ன வயதில் வடித்த சோற்றை ஓலைப்பாயில் குன்றுபோலக் கொட்டுவார்கள். அள்ளிப் பரிமாறுவது பனையோலைப் பெட்டியில். ரசத்துக்கு ஓலைப்பட்டை. கடைசிப் பந்தி எழுந்ததும் எங்கள் ஆச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவாள். இலையும் பட்டையும் எருக்குழிக்கு, எலும்பு நாய்க்கு, சிந்தின சோறு மாட்டுத்தொட்டிக்கு, பாயில் மிஞ்சியது வீட்டுக்கு வீடு. என்னையும் பொறுக்கச் சொல்வாள். கூட்டாளிகள் பார்க்கிறார்களே என்று நான் நெளிந்தால், "ஆண்டவரே பொறுக்கச் சொன்னாரு, ஒனக்கு என்னல கவுரவம்?" என்பாள்.

அவள் சொன்னது யோவான் ஆறாம் அதிகாரம். ஒரு பையன் வைத்திருந்த ஐந்து அப்பம், இரண்டு மீன். அதை வைத்து இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டார். இந்த அற்புதம் நான்கு சுவிசேஷங்களிலும் வருகிறது. பன்னிரண்டு கூடை மீந்ததை நான்கு பேருமே எழுதுகிறார்கள். ஆனால் "ஒன்றும் சேதமாய்ப்போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று இயேசுவே சொன்னதாக எழுதியது யோவான் மட்டும்தான். இல்லாத இடத்தில் அப்பத்தை உண்டாக்க முடிந்தவருக்கு மிச்சத்தைப்பற்றி என்ன கவலை? நாளைக்கும் உண்டாக்கிக்கொள்ளலாமே. இருந்தும் பொறுக்கச் சொன்னார். அதுவும் சீஷர்களை. பின்னால் சபையின் தூண்கள் என்று பேரெடுக்கப் போகிறவர்கள் அன்றைக்குப் புல்தரையில் குனிந்து எச்சில்பட்ட துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறார்கள். இந்த அதிகாரத்தில் நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. எல்லாம் பையனின் ஐந்து அப்பத்தோடு நின்றுவிடும். கூடை வரைக்கும் வந்த பாதிரியார் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஓர் அசனத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று வேண்டாம். காலையில் சிருஷ்டிப்பின் மகிமையைப் பற்றி அருமையான செய்தி. மத்தியானம் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பாயசத்துக்குக் காகிதக் கப். காகிதம்தானே என்று கமிட்டிக்காரர் சொன்னார். உள்ளே பூசியிருப்பதும் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பட்டியலில் அந்தத் தட்டும் கப்பும் பேர் சொல்லியே இருக்கின்றன. மறுநாள் காலை கோயிலுக்குப் பின்னால் மொத்தத்தையும் குவித்துக் கொளுத்தினார்கள். ஜெபிக்க வந்த கிழவிகள் இருமிக்கொண்டே ஜெபித்தார்கள். கோயிலைச் சுற்றி நெட்டுக்கு நெட்டாய்ப் பனைகள் நின்றன. ஓலை வெட்ட ஆளில்லையாம்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' (Laudato Si') என்ற சுற்றுமடலில் 211ஆம் பத்தியை மட்டும் படியுங்கள், போதும். சாப்பிடுகிற அளவுக்குச் சமையுங்கள், வேண்டாத விளக்கை அணையுங்கள் என்கிறார். நம் சபைக்காரர் இல்லையே என்று பார்க்காதீர்கள். அப்படியே என் ஆச்சி பேச்சு. அவளுக்கு இறையியலும் தெரியாது, சுற்றுச்சூழல் என்ற வார்த்தையும் தெரியாது.

அடுத்த அசனத்துக்கு லீவு போட்டுவிட்டு வாருங்கள். சாப்பிட இல்லை, கடைசிப் பந்திக்கு அப்புறம் நிற்க.

இவ்வளவு பேசுகிற நானும் அன்றைக்கு மிஞ்சின கறிக்குழம்பைப் பிளாஸ்டிக் கவரில்தான் கட்டி வாங்கிவந்தேன். ஆச்சியின் தூக்குவாளி இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போக வெட்கமாக இருந்தது.